பள்ளிக்கூட முற்றத்துக் கல்லும் என் சந்தனமும்

பள்ளிக்கூடம் என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஐந்தாம் வகுப்போடு அதற்கும் எனக்கும் இருந்த உறவு முறிந்தது. விட்டது நானா அதுவா என்று கேட்டால் இரண்டு பக்கமும் வெவ்வேறு கதை சொல்லும். மகளைக் கொண்டுபோய் விடும்போதுகூட வாசலோடு நின்றுவிடுவேன். உள்ளே போனால் யாராவது பிடித்து வாய்ப்பாடு கேட்பார்கள் என்று ஒரு பயம்.

அப்படிப்பட்டவன் முற்றத்துக்குள் போனதே ஒரு கப் கோப்பியால்தான். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையப் பக்கமாக நடந்தால் வருகிற ஆரம்பப் பள்ளிக்கூடம் அது. முற்றம் முழுக்கத் தார். வெயில் காலத்தில் பிள்ளைகள் சுவரோரத்து நிழலில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். நகரசபை அந்தத் தாரைக் கிளப்பி மண்ணும் மரமும் வைக்க முடிவு செய்தது. அதற்காக அவுஸ்திரேலியாவில் இருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நாட்டின் பூர்வகுடிப் பெண். தன் சனம் நிலத்தோடு பழகும் முறைப்படி பள்ளிக்கூட முற்றங்களை வடிவமைப்பது அவருடைய தொழில். பெற்றோரும் வந்து மண் சுமந்து உதவலாம், கோப்பி தருவோம் என்று வாசலில் ஒட்டியிருந்தது. கோப்பி என்ற சொல்லை நான் பிரெஞ்சில் பிழையில்லாமல் வாசிப்பேன்.

நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் குசினி வேலை, வெங்காயம் உரிப்பதும் சட்டி கழுவுவதும். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை இரண்டு மூன்று மணித்தியாலம் சும்மா விடுவார்கள். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் காணாது, தெருவில் நின்றால் குளிர். ஆகவே போனேன்.

முதல் கூட்டத்தில் அந்தப் பெண் எங்களையும் பிள்ளைகளையும் முற்றத்தில் வட்டமாகக் குந்தி இருக்கச் சொன்னார். பேச முதல் ஒவ்வொருவரும் தான் யார், எந்த இடத்து ஆள் என்று சொல்ல வேண்டும். அவருடைய ஊரில் பிறத்தியாரின் நிலத்துக்குள் கால் வைத்தால் அதுதான் மரியாதையாம். என் முறை வந்தபோது, "நான் குசினியில இருந்து வாறன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது போதும். ஆட்கள் சிரித்தால் என்னிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள், அதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்.

அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒரே வகுப்பில் பெயில் விட்டவை போலிருந்தன. அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். இங்கே எல்லோரையும் எங்கள் தமிழிலேயே பேச வைத்திருக்கிறேன், வேறு வழி எனக்குத் தெரியாது.

"சுவரில ஒரு கங்காருப் படம் கீறினால் வடிவா இருக்கும்" என்று நான் யோசனை சொன்னேன்.

"கங்காரு அங்கை இருக்கு. இஞ்சை என்ன இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"இஞ்சை தார் இருக்கு."

"தாருக்குக் கீழை?"

ஒருவருக்கும் தெரியவில்லை. தன் ஊர்க் கதைகளையும் அடையாளங்களையும் இங்கே கொண்டுவந்து நடமுடியாது, அவை அந்த நிலத்துக்குச் சொந்தம் என்றார். கொண்டுவந்தது கேட்டு வேலை செய்யும் பழக்கத்தை மட்டும்தான். எந்த இடத்திலும் ஒன்றை வைக்க முதல் அந்த இடத்து ஆட்களிடம் கேட்க வேண்டும். முற்றத்து ஆட்கள் பிள்ளைகள். ஆகவே ஒரு பூச்சட்டியை நகர்த்தக்கூடப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.

"அப்ப நான் வெங்காயம் உரிக்க முன்னம் வெங்காயத்திட்டயும் கேக்க வேணுமோ?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் தமிழில் சொன்னேன். அவர் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். காய்கறிக் கடையில் காசாளர், மகன் என் மகளுடைய வகுப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பேசாமல் இருங்கோ அண்ணை, அவ பாக்கிறா."

என் மகளோ சிரிக்கவில்லை. பத்து வயது. வட்டத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்து, நான் யாரோ தெரியாத ஆள் என்பது போலப் பள்ளிக்கூடக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் வேலை தொடங்கியபின் எனக்கே அது பிடித்துவிட்டது. மழைக்காகக் காத்திருந்தார்கள். மழை வந்ததும் பிள்ளைகளைத் தொப்பி போட்டு வெளியே விட்டு, தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று சோக்குக் கட்டியால் கோடு போடச் சொன்னார்கள். அந்தக் கோடுகள்தான் பிறகு பாதைகளாயின. தண்ணீர் வந்து சேரும் தாழ்ந்த பக்கத்தில், வட்டமாக இருந்து கதைக்க ஓர் இடம். அதைச் சுற்றிப் பாரிஸ் பக்கத்தில் தானாக வளரும் செடிகள். ஒரு மூலையில் அந்தப் பெண் வேண்டுமென்றே தொட்டால் சுணைக்கும் காஞ்சோண்டிச் செடியை விட்டுவைத்தார், வண்ணத்துப்பூச்சிக்காம். அதில் முதலில் கை வைத்துக் குதித்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

தாரைக் கிளப்பியபோது அடியில் இருந்து ஒரு கல் வந்தது. பழைய கட்டடம் ஒன்றின் சுண்ணாம்புக் கல்லாக இருக்கலாம். மஞ்சள் கலந்த வெள்ளை, பக்கமெல்லாம் பொளிந்த அடையாளம், மேல் மட்டும் தட்டை. நகரசபை வேலையாட்கள் லொறியில் ஏற்றப் பார்த்தார்கள். என் மகளின் வகுப்பு விடவில்லை. இதுதான் தாருக்குக் கீழே இருந்தது, ஆகவே இது இந்த இடத்து ஆள் என்று முடிவு செய்தார்கள். வட்டத்துக்குள் நுழையும் வாசலில் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக அதை நட்டோம். ஒரு ஸ்டூல் உயரம் வெளியே தெரிந்தது. வட்டத்துக்குள் வருகிறவர்கள் அதில் கையை வைத்துத் தங்களைச் சொல்ல வேண்டும் என்பது பிள்ளைகளே வைத்த ஒழுங்கு. களைத்தவர் அதில் குந்தி இருக்கலாம் என்பதும் அவர்கள் வைத்ததுதான்.

ஒருநாள் மகள் கையை வைத்துச் சொன்னதைக் கேட்டேன். "நான் மார்க்ஸ் டோர்மோய் ஆள்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சீண்டினேன். "ஏன் பிள்ளை, யாழ்ப்பாணம் எண்டு சொன்னா வாய் சுட்டுடுமோ?"

"நான் அங்கை போனதே இல்லை பப்பா. மெத்ரோவை வேணுமெண்டால் சொல்லட்டோ, பன்னிரண்டாம் நம்பர்?" என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்கு வாய்த்தது என்னுடைய வாய். அதற்கு நான் எங்கே போய் முறையிட?

திறப்புவிழா ஒரு சனிக்கிழமை. மகளின் வகுப்பிலிருந்து அவளைத்தான் தெரிந்தெடுத்திருந்தார்கள், கல்லில் கையை வைத்து எல்லோருக்கும் வரவேற்புச் சொல்ல. கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டால் நிறுத்திவிடுவாள்.

வருகிறவர்கள் உட்காரக் கதிரை அடுக்க என்னை வெள்ளன வரச் சொன்னார்கள். வரும் வழியில் லாச்சப்பலில் பூசைச் சாமான் கடை திறந்திருந்தது. கடைக்குள் போகும்போது என் மனதில் என்ன இருந்தது என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பக்தி என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் கோயிலுக்குப் போவது அன்னதானம் நடக்கும் நாளில். உண்மையில் நினைத்தது இதுதான்: மண்ணில் நட்ட கல், பிள்ளைகள் கும்பிடாத குறையாகக் கை வைக்கிறார்கள், விழா நாளில் அது மொட்டையாக நிற்கிறது. நாங்கள் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு கல்லை விட்டுவைப்பமோ? சந்தனமும் குங்குமமும் வைத்தால் வருகிற தமிழ்ச் சனம் ஆர் வைத்தது என்று கேட்கும். நான் என்று சொல்லலாம்.

சந்தனத்தைக் குழைத்துப் பூசினேன். நடுவில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. ஒரு மாலை. அடியில் இரண்டு தேசிக்காய், கடையில் எலுமிச்சை என்றார்கள். கொஞ்சம் விலகி நின்று பார்த்தேன், அச்சாக எங்கள் ஊர்க் காவல் தெய்வம் வைரவர். வடைமாலைதான் மிச்சம்.

எங்கள் தமிழ்த் தாய்மார் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் கல்லைக் கண்டதும் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார். அடுத்தவரும் கழற்றினார். யாரோ கைப்பையில் இருந்து கற்பூரம் எடுத்தார். பாரிஸில் தமிழ்ப் பெண்களின் கைப்பைக்குள் கற்பூரம் இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கல்லைச் சுற்றி வரிசை, பக்கத்தில் சப்பாத்துக் குவியல். மன்னார்ப் பெண் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நீங்களுமோ?" என்றேன்.

"ஆராயிருந்தாலென்ன அண்ணை. என்ர பெடியன் கணக்கில மோசம்."

அப்போதுதான் தலைமையாசிரியை விருந்தாளிகளோடு வந்தார். பிரான்சில் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குள் சமய அடையாளம் கூடாது. சிலுவையும் கூடாது, முக்காடும் கூடாது. இந்தத் தெருவில் இத்தனை வருடம் இருக்கிற எனக்கு அது தெரியாது என்று நான் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். தெரியும். கல்லுக்கும் அந்தச் சட்டம் உண்டென்று மட்டும் யோசிக்கவில்லை.

அவுஸ்திரேலியப் பெண் கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை.

"பிள்ளையளிட்டக் கேட்டனீரோ?"

"சும்மா ஒரு பகிடிக்கு" என்று தொடங்கினேன். வெங்காயத்திடமும் கேட்க வேணுமோ என்று நான் அடித்த பகிடி ஞாபகம் வந்தது.

அதற்குள் மகள் முன்னுக்கு வந்துவிட்டாள். பெரியவர்களுக்குள் நடப்பது அவளுக்கு விளங்கவில்லை, தன் முறை என்று நினைத்தாள். வெள்ளைச் சட்டை. மாலையை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கல்லில் வைத்து, வாயைத் திறந்தாள். "இண்டைக்கு வேண்டாம், குட்டி" என்று தலைமையாசிரியை தோளில் பிடித்து விலக்கினார். அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள், உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. சட்டையில் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. காவலாளி நீலப் பிளாஸ்டிக் படங்கு ஒன்றைக் கொண்டுவந்து கல்லை மூடிக் கட்டினார். கோப்பி தந்தார்கள். அன்றைக்கு மட்டும் நான் அதற்கு வரிசையில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை வேலை இடைவெளியில் வாளியும் பிரஷ்ஷும் கொண்டுபோய்ப் படங்கை அவிழ்த்தேன். சந்தனம் உடனே போய்விட்டது. குங்குமம் போகவில்லை. சுண்ணாம்புக் கல் அதைக் குடித்துவிட்டிருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பொட்டு அகன்றது. கடைசியில் கல்லின் ஒரு பக்கம் முழுக்க ரோஸ் நிறம். குசினியில் எண்ணெய்ச் சட்டி கழுவித் தேர்ந்த கை இது, ஒரு பொட்டிடம் தோற்றது. வகுப்பு யன்னலில் சின்ன முகங்கள் வரிசையாக நின்றன. அதில் என் மகள் இல்லை. ஒளிந்திருப்பாள்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. படங்கை எடுத்தபின் ஆபிரிக்காவின் மாலி நாட்டுப் பெடியன் ஒருவன் வழக்கம்போலக் கல்லில் ஏறி இருந்தான். மன்னார்ப் பெண்ணின் மகன் அவனைப் பிடித்துத் தள்ளினான். சாமியில இருக்கக் கூடாதாம். விழுந்தவனுக்கு முழங்கை கிழிந்தது. எங்கள் தாய்மார் வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதில் காலை வைக்காதே, குந்தாதே, பாவம். நகரசபையில் இருந்து ஓர் ஆள் வருவார், அநேகமாகக் கல்லை எடுத்துவிடுவார்கள் என்று வாசலில் சொன்னார்கள். கல் போனால் பிள்ளைகளின் வாசல் போகும். வட்டத்தையும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

அன்றிரவு மகள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி பேசினாள்.

"உங்களுக்குக் கோயில் இருக்குத்தானே பப்பா. தேர் இழுக்கத் தெருவே தாறாங்கள். எங்களுக்கு அந்தக் கல்லு மட்டும்தான்."

மனைவி ரசத்தை என் பக்கம் தள்ளினாள், அதைக் குடித்தேன்.

கல்லை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் கூட்டம் முற்றத்திலேயே நடந்தது. மறுநாள் அவுஸ்திரேலியப் பெண் ஊருக்குத் திரும்புகிறார். தலைமையாசிரியை, நகரசபை ஆள், பெற்றோர், மகளின் வகுப்பு. நகரசபை ஆள் கெட்டவரில்லை, ஆனால் எதையும் ஏதாவதொரு பெட்டிக்குள் போட வேண்டிய உத்தியோகம்.

"இது இருக்கை எண்டால் பிரச்சினை இல்லை. சிலை எண்டால் எடுக்க வேணும். இது என்ன?"

"இருக்கை" என்றார்கள் பிள்ளைகள்.

"அப்ப ஏன் பாதிப் பிள்ளையள் இருக்க மாட்டம் எண்டுகினம்?" அவர் எங்கள் தாய்மார் பக்கம் பார்த்தார். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

தலைமையாசிரியை என்னிடம் திரும்பினார். "பூசினது நீங்கள்தானே, மிஸ்யூ. உங்கட ஆக்களுக்கு முன்னால நீங்கள் ஒருக்கா இதில குந்தி இருந்து காட்டினால், இது கதிரை எண்டு எல்லாருக்கும் விளங்கும். முடியுமோ?"

நான் பதில் சொல்ல முதல் அவுஸ்திரேலியப் பெண் எழுந்தார். அவர் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அதைக் கேக்காதேங்கோ. எங்கட சனத்துக்குப் பெரிசான இடங்களில வெளி ஆக்கள் ஏறி நிண்டு படம் எடுத்தவை. ஏறாதேங்கோ எண்டு எவ்வளவு காலம் சொல்லிப் பாத்தம். இவர் செய்தது பிழை, பிள்ளையளிட்டக் கேக்கேல்லை. ஆனா இவருக்குச் சாமியாப்போன கல்லில இவரைக் குந்தச் சொல்லாதேங்கோ. கல்லை வேணுமெண்டால் எடுங்கோ."

எனக்கு வெட்கம் புதிதில்லை. வெட்கத்தில் நான் ஊறின ஊறுகாய். ஆனால் இது வேறு ரகம். தான் மாதக்கணக்காகச் செய்த வேலையை அந்த மனிசி என் பக்திக்காக விட்டுக்கொடுக்க நிற்கிறார். அந்தப் பக்தி நான் கடையில் வாங்கி, நாலு பேர் ஆர் வைத்தது என்று கேட்பதற்காகப் பூசினது. இதை அவருக்கு என் உடைந்த பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?

"எனக்கு அது சாமி இல்லை, அக்கா" என்றேன். "நான் சும்மா புளுகுக்கு, நாலு பேர் பாக்க வேணுமெண்டு செய்தனான். நான் அதில இருக்கிறன்."

தாய்மார் பக்கம் ஒரு முணுமுணுப்பு. "அண்ணை, வேண்டாம்" என்று மன்னார்ப் பெண் மெதுவாகச் சொன்னார்.

பிள்ளைகளிடம் திரும்பினேன். மகளைப் பார்த்துத்தான் கேட்டேன். "நான் உதில இருக்கலாமோ?"

அவள் தன் வகுப்பைப் பார்த்தாள். அவர்கள் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

கல்லடிக்குப் போனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் ஏன் என் காலில் நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு கீழே பார்த்தேன். நான் குனிந்து என் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சப்பாத்து ஏற்கெனவே கழன்று பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. சாமி இல்லை என்று சொன்னது வாய். கைக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

நகரசபை ஆள் சப்பாத்தைப் பார்த்தார். அவுஸ்திரேலியப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சப்பாத்து எனக்கே தெரியாத எதையோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மகள் பக்கத்தில் வந்தாள்.

"பப்பா, சப்பாத்தைப் போடுங்கோ" என்றாள், சின்னக் குரலில், தமிழில். மற்றவர்களுக்கு விளங்காமல் இருக்கத்தான் தமிழ்.

போட்டேன். கயிறு கட்ட வரவில்லை. அவள் குந்தி இருந்து கட்டிவிட்டாள். நான் அவளுக்குக் கட்டிவிட்ட காலம் போய் வெகுநாள். பிறகு கல்லில் கையை வைத்து, "நான் குசினி ஆள்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சுழன்று உட்கார்ந்தேன். குளிர்ந்திருந்தது. முழுப் பாரத்தையும் வைக்க முடியவில்லை. தொடை வலிக்க வலிக்கப் பாதி எழுந்தபடிதான் இருந்தேன், அது வெளியே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தாய்மாரில் சிலர் கண்ணை மூடிக்கொண்டதைக் கண்டேன். மாலிப் பெடியன் வந்து என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு மற்றப் பாதியில் இருந்தான். அவன் முழுப் பாரத்தோடும் இருந்தான்.

"சரி, இருக்கை" என்றார் நகரசபை ஆள்.

கல் நின்றது. அவுஸ்திரேலியப் பெண் போகும்போது எனக்குக் கை தந்தார். "புளுகுக்கு எண்டு சொன்னீர். எனக்கு அப்பிடித் தெரியேல்லை" என்றார். அந்தக் கைக்கு நான் பொருத்தமில்லாத ஆள் என்றிருந்தது, என் கையைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் சனத்தில் சிலர் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காய்கறிக் கடையில் மன்னார்ப் பெண் மட்டும் மிச்சக் காசு தரும்போது, "சாமிக்கு மேல இருந்த ஆளுக்குத் தேசிக்காய் தேவையோ?" என்று கேட்பார். நான் சிரிப்பேன், வேறு என்ன செய்ய.

அண்மையில் பள்ளிக்கூட வாசலில் மகளுக்காக நின்றேன். பிள்ளையைப் புதிதாகச் சேர்த்திருந்த ஒரு தமிழ்த் தகப்பன் கம்பிக்குள்ளால் பார்த்தார்.

"அண்ணை, உந்தக் கல்லில என்ன சிவப்பா இருக்கு?"

"பெயின்ற் போல கிடக்கு" என்றேன்.

மகள் அப்போதுதான் வெளியே வந்தாள். புத்தகப் பையை என் கையில் தந்துவிட்டு, அந்த மனிதரிடம் பிரெஞ்சில், மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல, சொன்னாள்.

"பெயின்ற் இல்லை மிஸ்யூ. அது எங்கட பப்பா."